மாதிரிக்கு ஒரு தடவை

சினிமாவில் நான் பதினோரு முறை டாக்டராக வந்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவேன். முகமூடியைக் கழுத்துக்கு இறக்குவேன், கண்ணாடியைக் கழற்றுவேன், ‘எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்’ என்பேன். அவ்வளவுதான் என் வேலை. உடனே கேமரா என்னை விட்டுவிட்டு அழுகிறவர்கள் பக்கம் திரும்பிவிடும். பதினோரு படத்தில் ஒரு நோயாளியைக்கூட நான் காப்பாற்றியதில்லை. படப்பிடிப்புத் தளங்களில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘டாக்டர்’ என்றால் விளக்குப் பிடிக்கிறவர் வரைக்கும் தெரியும். தெருவில் போகிறவர்கள் என்னை உற்றுப் பார்த்து, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மண்டையைக் குடைந்து, கடைசியில் ஏதோ கிளினிக்கில்தான் என்று முடிவுகட்டி முழங்கால் வலிக்கு மருந்து கேட்பார்கள். நானும் கேட்டவர்களை ஏமாற்றக் கூடாதென்று, தினமும் நடங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

எழுதுகிறவனாகவும் என் சரித்திரம் இதே லட்சணம்தான். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு நான்கு வருஷம் வசனம் எழுதினேன். மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் நின்று நான்கு வருஷம் சண்டை போட்டார்கள். ஒரு நாள்கூட அடுப்பைப் பற்றவைக்கவில்லை. டைட்டிலில் என் பெயர் ஓடும் நேரத்தில் சரியாக சோப்பு விளம்பரம் வந்துவிடும். இரண்டு படங்களுக்கு முழு வசனமும் நான் எழுத, ‘வசன உதவி’ என்று போட்டார்கள். யாருக்கு உதவினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடையில் மட்டும் நான் வேறு ஆள். இதைச் சொல்ல வேறு யாரும் முன்வராததால் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்பது நாடகங்களை நானே எழுதி நானே நடித்தேன். எட்டு நாடகங்கள், போட்ட வேகத்திலேயே படுத்துவிட்டன. ஒன்பதாவதற்கு ‘அப்புறம்?’ என்று பெயர். அதை நூற்று நாற்பது முறை போட்டோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அப்பா. காது அறவே கேட்காத ஓர் அம்மா. வெளியூரில் இருக்கும் மகன் வாரம் ஒரு முறை போன் செய்வான். அப்பா பேசுவார், அம்மா எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தே மகன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்வாள். கடைசிக் காட்சியில் மகன், இனிமேல் போன் செய்ய மாட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. செத்துப்போன போனில் ‘அப்புறம்?’ என்கிறார். சிரிக்கிறார். ‘அப்படியா! அப்புறம்?’ என்கிறார். இல்லாத மகனோடு பதினான்கு நிமிஷம் பேசுகிறார். அந்தப் பதினான்கு நிமிஷத்துக்காகத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

என் மனைவி மேடை ஏறியவளில்லை. பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பாள். நாடகம் இருக்கிற நாட்களில் பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு, பிரதியை மடியில் விரித்து உட்கார்ந்துகொள்வாள். யாராவது வசனம் மறந்து விழித்தால் மெல்ல எடுத்துக்கொடுப்பாள். வீட்டில் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் முதலில் அவளிடம்தான் பேசிக்காட்டுவேன். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பாள். ‘இழுக்கறீங்க.’ ‘அந்த எடத்துல மூச்சு வாங்காதீங்க.’ ‘இது நீங்க பேசறீங்க, அவர் பேசல.’ எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பேனாவை விட்டெறிவேன். பிறகு பொறுக்கி எடுத்து அவள் சொன்னபடியே திருத்துவேன், ஏனென்றால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். இருபத்தாறு வருஷம் அவளுடைய சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அவளுக்கு ஒரு தம்பி. தாய் இல்லாத பையன். எங்கள் கல்யாணத்தின்போது அவனுக்குப் பதினைந்து வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னாலேயே வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவனே பிள்ளையானான். சின்னவன் என்றுதான் இருவரும் கூப்பிடுவோம். என் ஒத்திகைகளைப் பார்த்துப் பார்த்து டைரக்டராகப் போகிறேன் என்று கிளம்பினான். முதல் படம் பத்து நாள் படப்பிடிப்போடு நின்றது. இரண்டாவது படம் பூஜை போடுகிற அளவுக்குக்கூடப் போகவில்லை. நாற்பத்தோரு வயதாகியும் ‘அடுத்து என்ன பண்றே?’ என்று யாராவது கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். உட்காராமலே சொன்னான்.

“அத்தான், ‘அப்புறம்?’ நாடகத்த படமா பண்ணப்போறோம். தயாரிப்பாளர் சரின்னுட்டார்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் முதல் கேள்வியை விடவில்லை. “அப்பா வேஷம் யாருடா?”

“என்ன அத்தான் இப்படிக் கேக்கறீங்க? அந்த அப்பான்னா உங்களத் தவிர வேற யாரு ஞாபகத்துக்கு வருவா?”

நான் உருகிப்போய்விட்டேன். கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு பாத்திரம் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னால் எதையோ மறைக்கிறது என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்! மனைவி அப்போது சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. உரிமை எழுதிக்கொடுக்கும் தாளில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். நம் வீட்டுப் பிள்ளையின் தாளை யார் படித்துக்கொண்டிருப்பார்கள்?

“மாதிரிக்கு ஒரு தடவ எல்லா சீனையும் எடுத்துக்கலாம் அத்தான். மூணு நாள் போதும்” என்றான்.

தையல் பயிற்சி நிலையம் ஒன்றின் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தான். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, கம்பி அறுந்த ஒரு டெலிபோன். கேமராவை மூன்று கால் தாங்கியில் நிறுத்தி, அவனே பின்னால் நின்றான். அம்மாவுக்கும் மகனுக்கும் வசனம் படிக்க என் மனைவி மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். கீழே பத்துப் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் கடகடத்துக்கொண்டே இருந்தன. தயாரிப்பாளர் பார்ப்பதற்காகத்தான் இதெல்லாம் என்று நான் நினைத்தேன். இந்த முகத்தைப் பெரிய திரையில் இரண்டு மணி நேரம் பார்க்க முடியுமா என்று ஒரு பணக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க வேண்டும். அப்படித்தான் எனக்குப் பட்டது. முப்பது வருஷமாக டாக்டர் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் கடை பரப்பினேன்.

போன் காட்சி இரண்டாம் நாள் மத்தியானம் எடுத்தோம். ஒரே மூச்சில் செய்தேன். நூற்று நாற்பது முறை செய்த காட்சி. ஆனால் அன்று எங்கிருந்தோ புதிதாக ஒன்று வந்தது. இல்லாத மகன் ஏதோ வேடிக்கை சொன்ன மாதிரி சிரிக்கிற இடத்தில், சிரிப்பு பாதியில் நின்று, தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. நான் திட்டமிட்டதில்லை. முடிந்ததும் யாரையும் பார்க்காமல் எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன். அழுத முகத்தை மனிதர்களுக்குக் காட்டும் வழக்கம் எனக்கில்லை, டிக்கெட் வாங்கியிருந்தால் ஒழிய.

பிறகு காத்திருந்தேன். இரண்டு மாதம். சின்னவனைக் கேட்டால், “வேலை ஓடிக்கிட்டிருக்கு அத்தான், அப்புறம் சொல்றேன்” என்பான். நான் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தேன்; அந்த அப்பா கொஞ்சம் ஒடுங்கியவர். நரைத்த தாடியை வளர்த்தேன். இடையில் பன்னிரண்டாவது டாக்டர் வேஷம் வந்தது. விசேஷம் என்னவென்றால், இந்தத் தடவை நோயாளி பிழைத்துக்கொள்வார். தாடியை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

“அத ஏன் வேணாம்னீங்க?” என்று மனைவி கேட்டாள். “நாலு வசனம் இருக்கு. ஆள் வேற பொழைக்கறார்.”

“அப்பா வேஷத்துக்கு இடைஞ்சலா வந்துரும்.”

“ரெண்டையும் பாத்துக்கலாமே. கைல வந்தத ஏன் விடணும்?”

“உனக்கு என்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை உதவி டைரக்டர் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். “சார், நாளைக்குக் காலைல தளத்துக்கு வர முடியுமா? ஹீரோ உங்களப் பாக்கணும்னு சொல்றார்.” நாடகத்தில் ஹீரோ என்று யாருமில்லை, மகனாக யாரையோ பெரிய ஆளைப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அப்பாவும் மகனும் முதலில் பழகிக்கொள்வது நல்லதுதான். மறுநாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து ஆச்சரியப்படுத்தலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். நாடகத்தில் அப்பா போட்டுக்கொள்ளும் பழுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தளத்துக்குள் ஒரு வீட்டின் கூடத்தை அப்படியே கட்டியிருந்தார்கள். எழுதும்போது என் மனசில் இருந்த கூடம். அந்தச் சுவர்க் கடிகாரம், நிறம் போன நாற்காலி, டெலிபோனுக்கு ஒரு முக்காலி. கடிகாரம் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்று பிரதியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், சாய்த்தே மாட்டியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் போய் உட்காரலாம் என்று போனேன். அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நரை விக், மடிப்பு மடிப்பாக ஒட்டிய கன்னம், பழுப்புச் சட்டை. என் சட்டையேதான். என்னைப் பார்த்ததும், இடது கையை நாற்காலிக் கையில் ஊன்றி, ஒரு நொடி யோசித்து, அப்புறம் எழுந்தார். நான் எழுந்திருக்கிற விதம் அது.

“வாங்கண்ணே!” என்றார் ஹீரோ. ஒப்பனைக்குள்ளிருந்து போஸ்டர்களில் பார்த்த கண்கள் சிரித்தன. “உங்களப் பாத்தே ஆகணும்னு நான்தான் அடம்பிடிச்சேன். டைரக்டர் வேணாம்னார். நீங்க ரொம்ப பிஸின்னார்.”

நான் பிஸி. நல்ல நகைச்சுவை.

தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். இந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

“எனக்குச் சொல்லிக்குடுக்கறதுக்காகவே மூணு நாள் மெனக்கெட்டு நடிச்சுக் குடுத்திருக்கீங்க. இன்னொருத்தனுக்காக உயிரக் குடுத்து இப்படி யாருண்ணே பண்ணுவா? நான் பண்ண மாட்டேன், உண்மையச் சொல்றேன்.”

மாதிரி. அந்த ஒரு வார்த்தையில் போய் விழுந்திருக்கிறேன். துணிக்கடையில் மாதிரி என்றால், வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்கிற துண்டு. பள்ளிக்கூடத்தில் மாதிரி என்றால், பார்த்து எழுதுவதற்காகக் கொடுப்பது. நான் துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சின்னவன் பள்ளிக்கூடத்தில் நின்று பேசியிருக்கிறான்.

“பரவால்ல தம்பி” என்றேன். குரல் நடுங்காமல் வந்தது. என் தொழில் அதுதானே.

அவர் ஒரு கையகலத் திரையை எடுத்து என் மடியில் வைத்தார். “எல்லாத்தையும் வெட்டாம அப்படியே குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். சீனுக்கு முன்னாடி நீங்க எப்படி உக்காந்திருக்கீங்கன்னு பாக்கணும்னு. போன் சீன் மட்டும் நூறு தடவ பாத்திருப்பேன். ஒரே ஒரு சந்தேகம். லைன் கட்டானதுக்கப்புறம் நீங்க அம்மா கண்ணப் பாக்கவே மாட்டேங்கறீங்க. ஏன்?”

“பாத்தா அழுதுருவான். அழுதா அவ கண்டுபிடிச்சுருவா.”

அவர் கையைத் தட்டிக்கொண்டார். “இதத்தான் மூணு நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்!” என்றார். அப்போது ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள். “பாத்துக்கிட்டே இருங்கண்ணே, வந்துடறேன்” என்று ஓடினார்.

நான் தனியாக உட்கார்ந்து பதினான்கு நிமிஷமும் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. அந்தச் சிரிப்பு நின்று திரும்பிப் போகிற இடத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தேன். காட்சி முடிந்து நான் எழுந்து வெளியே போகிறேன். திரையில் வெறும் நாற்காலி. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். ஹீரோவும் நூறு தடவை அங்கேதான் நிறுத்தியிருப்பார். நான் நிறுத்தவில்லை. மேடைக்காரன் புத்தி அது. உள்ளே போன பிறகு கைதட்டல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று திரைக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். நான் போன பிறகு இருவரும் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்க ஒரு சபலம். கேட்டேன்.

முதலில் தையல் இயந்திரங்கள். பிறகு சின்னவன் குரல்.

“அக்கா, என்னால முடியல. இப்பவே சொல்லிடறேன்.”

“வேணாம்.”

“பாவம்க்கா. தனக்குன்னு நெனச்சுக்கிட்டு நடிக்கறார்.”

“அதுக்குத்தான் வேணாங்கறேன். தெரிஞ்சா இப்படி வராதுடா. நாளைக்கு இன்னும் ரெண்டு சீன் பாக்கி இருக்கு. முடியட்டும், நான் சொல்லிக்கறேன்.”

கதவுச் சத்தம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் உள்ளே வருகிறேன். “எப்படி இருந்துது?” என்று கேட்கிறேன். திரையில் அவள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது.

“ரொம்ப நல்லா இருந்துச்சு. நாளைக்கும் இதே மாதிரி பண்ணுங்க.”

என் முகத்தில் அப்போது வழிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கூசியது. மிட்டாய் கிடைத்த குழந்தை மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வேஷம் போனது வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேஷம் போவது எங்கள் தொழிலில் சளி பிடிக்கிற மாதிரி, வரும், போகும். இது வேறு. என்னிடமிருந்து எப்போது எது வரும் என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதை வைத்தே என்னைக் கறந்திருக்கிறாள்.

வாசலில் சின்னவன் எதிர்ப்பட்டான். கையில் பிரதி, காதில் பென்சில். என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“மனசு கஷ்டமா இருக்கும்னுதான் அத்தான் உங்களக் கூப்பிட வேணாம்னு சொன்னேன். ஆனா நீங்க பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டீங்களே, அத சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“நான் என்னடா ஒத்துக்கிட்டேன்?”

“அக்கா சொன்னாளே. விஷயத்தச் சொன்னதும் ரெண்டு நாள் நீங்க யார்கிட்டயும் பேசலயாம். மூணாவது நாள் காலைல டீயக் குடிச்சுட்டு, ‘சரி, எனக்கு நூத்து நாப்பது தடவ கெடச்சுது, சின்னவனுக்கு ஒரு தடவ கெடைக்கட்டும்’னு சொன்னீங்களாம்.” அவன் கண்ணில் நீர் நின்றது. “நான் அழுதுட்டேன் அத்தான்.”

எனக்கு என் மனைவி ஒரு காட்சியே எழுதியிருக்கிறாள். மௌனம், இடைவெளி, டீ, வசனம். எழுதியது மோசமில்லை, நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். நான் அந்த அப்பாவாக இருந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பேன். சின்னவன் முகத்தைப் பார்த்தேன். அவனிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. “டீ ஆறிப்போச்சு போல, போய் வேலையப் பாரு” என்று ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்கு அவள் வந்தாள். தோள்பையை ஆணியில் மாட்டினாள். என் சட்டையைப் பார்த்தாள்.

“நான் முகம் கழுவப் போனப்ப கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சு” என்றேன்.

என்னங்க, எந்தக் கேமரா, என்றைக்கு என்று எதுவும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் போல இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டாள்.

“எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“கேட்டேன். சின்னவனையும் பாத்தேன். ரெண்டு நாள் நான் பேசாம இருந்தேனாமே?”

“ஒடனே ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னா அவன் நம்ப மாட்டான்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். ஹீரோ நடித்தால்தான் படம் என்று தயாரிப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஹீரோவோ, பெரியவர் எப்படிச் செய்தார் என்று பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாராம். “அவனுக்கு இது மூணாவது. இதுவும் நின்னுருந்தா அவன் உயிரோட இருந்திருப்பானான்னு எனக்குத் தெரியல. உங்ககிட்ட சொல்லணும்னு தெனமும் நெனப்பேன். நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு தாடியத் தடவிப் பாப்பீங்க. வாய் வராது.”

“இருபத்தாறு வருஷம்” என்றேன். “ஊர் என்னை ஏமாத்தியிருக்கு, டிவிக்காரன் ஏமாத்தியிருக்கான், கூட நடிச்சவன் ஏமாத்தியிருக்கான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து உங்கிட்டதான சொன்னேன்? இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்வேன்?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“குடுத்திருப்பேன்.”

அது சத்தியமாக உண்மை. அவன் நாங்கள் வளர்த்த பிள்ளை. வேஷத்தைக் கொடுத்திருப்பேன், தாடியை வழித்திருப்பேன், மூன்று நாள் என்ன, மூன்று மாதம் அந்த ஹீரோவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். புலம்பியிருப்பேன், வீட்டில் பேனா பறந்திருக்கும், ஆனால் கொடுத்திருப்பேன். அந்த வார்த்தைக்கு நான் மூச்சு எடுக்கவில்லை, குரலை ஏற்றி இறக்கவில்லை. வாயிலிருந்து தானாக விழுந்தது.

அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னையே பார்த்தாள்.

“நல்லாத்தான் சொல்றீங்க” என்றாள். “ஆனா ரொம்ப சீக்கிரம் சொல்லிட்டீங்க. நெஜமாவே குடுக்கறவன் கொஞ்சம் யோசிச்சுட்டுதாங்க சொல்வான்.”

நான் யோசிக்கவில்லை. யோசிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அதை அவள் நம்புகிற மாதிரி எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று இத்தனை வருஷமும் நான் அவளிடம்தான் கேட்டிருக்கிறேன்.